பதினொன்றும் பதிமூன்றும் இருபத்து நான்கா? – பயண நேரம் பற்றி ஒரு பாடம்



பத்து காஜா பக்கத்தில் நாங்கள் இருந்த பழைய ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயத்து வீடுகளில் பாதி இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோயில் மண்டபத்தில்தான் சனிக்கிழமை மாலை எங்கள் கிளையின் வகுப்பு நடக்கும். முதலில் தேவாரம், பிறகு ஒரு மணி நேரம் பாடம். கணக்கும் அறிவியலும் என் பொறுப்பு.

போன மாதம் ஒரு தங்கை வந்து கைபேசியை நீட்டினாள். லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். "அண்ணே, டிக்கெட்டுல வெள்ளிக்கிழமை ராத்திரி 11.30-க்கு ஏறி சனிக்கிழமை காலையில 6.30-க்கு இறங்குறதா போட்டிருக்கு. ஏழு மணி நேரத்துல லண்டன் போயிடலாமா?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கணக்கில் நான் ஒரு தடவை தப்பு செய்திருக்கிறேன். அந்தத் தப்பை இன்றுவரை திருத்த முடியவில்லை.

அன்று நான் போட்ட கணக்கு

2016, ஜூலை மாதம். எனக்கு 16 வயது, படிவம் 4. வீட்டிலேயே கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்குப் பாட்டி தவறிவிட்டார். அம்மா விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போய்விடுவார். அக்காவைத் தூக்கி வளர்த்தது பாட்டிதான். அக்கா அப்போது லண்டனில் செவிலியர். செய்தி சொன்னதும் மறுநாள் விமானத்திலேயே இடம் பிடித்துவிட்டாள். "புதன்கிழமை காலையில 11 மணிக்கு ஃபிளைட், 13 மணி நேரம். நான் வர்ற வரைக்கும் பாட்டியை எடுத்துடாதீங்க" என்றாள்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், எத்தன மணிக்கு வந்து சேருவா, கணக்குப் போட்டுச் சொல்லு."

நான் பேப்பர்கூட எடுக்கவில்லை. 11-உம் 13-உம் 24. புதன் நள்ளிரவு 12 மணிக்கு விமானம் இறங்கும். அங்கிருந்து இங்கே வர நாலு மணி நேரம். "வியாழக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பாங்க பெரியப்பா" என்றேன். அதை நம்பித்தான் வியாழன் காலை 10 மணிக்கு எடுப்பதாகச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். மின்சுடலையில் 11 மணிக்கு இடம் பதிந்தார்கள்.

புதன் மாலை 5.30-க்கு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "ஏறிட்டேன்." நான் பந்தலுக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காலை 11 மணி விமானத்துக்கு மாலை ஐந்தரைக்கு ஏன் செய்தி வருகிறது? அந்த ஒரு கேள்வியை அப்போது கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

விடியற்காலை நாலு மணி ஆச்சு. ஐந்து, ஆறு ஆச்சு. அக்காவின் கைபேசி கிடைக்கவில்லை. 7.20-க்கு அவளே அழைத்தாள். "இப்பதான்டா இறங்கினேன்."

அதற்குப் பிறகு பெரியப்பா மின்சுடலைக்குத் தொலைபேசி போட்டுப் பார்த்தார். அடுத்தடுத்த நேரங்கள் வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர்களுக்கும் துக்கம்தானே, குறை சொல்ல முடியாது. முடிந்தவரை இழுத்துப் பிடித்தார்கள். 11.15-க்கு மேல் முடியவில்லை. அக்கா வாடகைக் காரில் வந்து இறங்கியபோது 11.40. இருபத்தைந்து நிமிடம்.

அவள் என்னைத் திட்டவே இல்லை. கணக்கு என்னுடையது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சொன்னேன். "சரி விடுடா, இனிமே ஒழுங்கா போடு" என்றாள். இந்தப் பாடத்தை நான் நடத்துவது அதற்காகத்தான்.

பாடம் 1: இரண்டு கடிகாரத்தைக் கலக்காதே

என் தப்பு என்ன? 11 என்பது லண்டன் கடிகாரம். 13 என்பது பயண நேரம். இரண்டையும் கூட்டினால் வரும் 24-உம் லண்டன் கடிகாரம்தான். நான் அதை ஈப்போ கடிகாரம் என்று நினைத்துவிட்டேன்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஆக ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. கிழக்கே இருக்கிற ஊருக்குச் சூரியன் முதலில் வரும். நாம் லண்டனுக்கு 100 பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறோம். அதனால் நம் கடிகாரம் முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் 8 மணி நேரம் முன்னால். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் 7 மணி நேரம்தான். "லண்டன் என்றால் எட்டு" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

இனி சரியான வழி. மூன்றே படிதான்.

முதல் படி: புறப்படும் நேரத்தை, இறங்கும் ஊரின் கடிகாரத்துக்கு மாற்று. ஜூலையில் லண்டன் காலை 11 மணி என்றால் இங்கே மாலை 6 மணி.

இரண்டாம் படி: பயண நேரத்தைக் கூட்டு. புதன் மாலை 6 மணியோடு 13 மணி நேரம் கூட்டினால் வியாழன் காலை 7 மணி.

மூன்றாம் படி: தரையில் ஆகும் நேரத்தைக் கூட்டு. குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, இரண்டுக்கும் ஒரு மணி நேரம். கே.எல்.ஐ.ஏ.-யிலிருந்து ஈப்போவுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம். அதற்கு மேல் தோட்டத்துக்கு அரை மணி. ஆக 11.30.

அக்கா வந்தது 11.40. பார்த்தீர்களா, கணக்கு பொய் சொல்லவில்லை. போட்டவன்தான் தப்பாகப் போட்டான்.

அந்தத் தங்கையின் டிக்கெட்டையும் இப்படியே பார்ப்போம். கோலாலம்பூரில் வெள்ளி இரவு 11.30. ஜூலை, ஆகஸ்டில் லண்டனில் அப்போது வெள்ளி மாலை 4.30. அதோடு 14 மணி நேரம் கூட்டினால் சனி காலை 6.30. டிக்கெட்டில் ஏழு மணி நேரம் போலத் தெரிந்தாலும், உட்கார்ந்திருக்கப் போவது பதினான்கு மணி நேரம்.

பாடம் 2: எவ்வளவு தூரம்? நூலை எடுங்கள்

வகுப்பில் சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோலாலம்பூரையும் லண்டனையும் நேர்கோட்டால் இணைக்கச் சொன்னேன். கோட்டின் நடுப்புள்ளி பாரசீக வளைகுடா பக்கம் விழுந்தது. பிறகு தமிழ்ப்பள்ளியில் இரவல் வாங்கிய உலக உருண்டையைக் கொடுத்து, அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒடிசா கரையில் ஏறி, வட இந்தியா, ஆப்கானிஸ்தான் மேல் போனது. அதன் நடுப்புள்ளி உஸ்பெகிஸ்தானில் இருந்தது!

பிள்ளைகளுக்கு ஆச்சரியம். காரணம் எளிது. பூமி உருண்டை. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கே உள்ள நாடுகள் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். அதனால் தாளில் நேராகத் தெரிவது உண்மையில் குறுக்குவழி இல்லை. உருண்டையின் மேல் நூல் காட்டும் பாதைதான் மிகக் குறைந்த தூரம். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

தூரத்தையும் நூலாலேயே அளக்கலாம். எங்கள் உருண்டையின் விட்டம் 30 சென்டிமீட்டர். நடுக்கோட்டைச் சுற்றி நூல் கட்டினால் 94 சென்டிமீட்டர். பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். கோலாலம்பூர் முதல் லண்டன் வரை நூல் 25 சென்டிமீட்டர் வந்தது. 25-ஐ 94-ஆல் வகுத்து 40,000-ஆல் பெருக்குங்கள். 10,600 கிலோமீட்டரை ஒட்டி வரும். உண்மையான தூரமும் சுமார் 10,600-தான். ஒரு நூல் துண்டில் இவ்வளவு சரியாக வருகிறது. திசைமாறாமல் ஒரே கோணத்தில் போனால், அதாவது கடல் வரைபடத்தில் நேராகத் தெரியும் கோட்டில் போனால், ஏறக்குறைய 450 கிலோமீட்டர் கூடுதல்.

பாடம் 3: போக பதினான்கு, வர பதிமூன்று – ஏன்?

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 10,600-ஐ 900-ஆல் வகுத்தால் 12 மணி நேரம்கூட வராது. அப்படியிருக்க 14 எங்கிருந்து வந்தது?

முதல் காரணம், காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. மணிக்கு 100, 200 கிலோமீட்டர் வேகம்கூட இருக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். லண்டன் போகிற விமானம் இதை எதிர்த்து நீந்துகிறது. திரும்பி வருகிற விமானத்தை இதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. கிந்தா ஆற்றில் தண்ணீர் போகிற பக்கம் நீந்துவதற்கும் எதிர்ப்பக்கம் நீந்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இரண்டாவது காரணம், சுற்றுவழி. நூல் காட்டுகிற பாதையிலேயே எப்போதும் போக முடியாது. அந்த நூல் முக்கால்வாசி தூரத்தில் எங்கே போகிறது தெரியுமா? கிழக்கு உக்ரைன் மேல். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். 298 பேர் இறந்தார்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. கீழே சண்டை என்றால் மேலே பாதை வளையும். பாதை வளைந்தால் நேரம் கூடும்.

மூன்றாவது, விமானம் நகர்ந்து ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது, நிற்பது. இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் போடுகிற நேரம் வாசலிலிருந்து வாசல் வரை உள்ள நேரம்.

கணக்குக்காகச் சுற்றுவழியோடு 11,100 கிலோமீட்டர் என்று வைப்போம். சராசரிக் காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றும் வைப்போம். போகும்போது வேகம் 850. நேரம் சுமார் 13 மணி. திரும்பும்போது வேகம் 950. நேரம் சுமார் 11 மணி 40 நிமிடம். இரண்டோடும் முக்கால் மணியைக் கூட்டுங்கள். ஒன்று 14-ஐ நெருங்கும், இன்னொன்று பன்னிரண்டரையை நெருங்கும். விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடும். அதனால்தான் அக்கா சொன்ன 13.

பாடம் 4: இது நமக்குப் புதிதல்ல

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது அண்ணே" என்று ஒரு தம்பி சொன்னான். அவனுக்கு ஆரியபட்டரைப் பற்றிச் சொன்னேன். கி.பி. 499 வாக்கில் எழுதிய ஆரியபட்டீயத்தில் அவர் நாலு ஊர்களைச் சொல்கிறார். பூமியின் நடுக்கோட்டில், ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்ட ஊர்கள். இலங்கையில் சூரியன் உதிக்கும்போது யவகோடியில் நண்பகல், சித்தபுரத்தில் சூரிய அஸ்தமனம், ரோமகத்தில் நடுராத்திரி என்கிறார். 90 பாகைக்கு ஆறு மணி நேரம். நாம் முதல் பாடத்தில் போட்ட அதே 15 பாகைக் கணக்கு! நம் சோதிட நூல்கள் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டை மூலக் கோடாக வைத்தன. ஓர் ஊர் அதற்குக் கிழக்கே, மேற்கே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதற்குச் செய்யும் திருத்தத்துக்குத் தேசாந்தரம் என்று பெயர். பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு இது இன்றும் பழக்கமான சொல்.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நமக்கு இது இப்போதும் வேண்டியிருக்கிறது. பாட்டியின் வருடத் திதிக்கு அக்கா லண்டனிலிருந்து கேட்டாள். சென்னைப் பஞ்சாங்கத்தில் ஒரு திதி இரவு 9.40-க்கு முடிகிறது என்று வைப்போம். திதி என்பது சந்திரனும் சூரியனும் இருக்கிற இடைவெளி. அது முடியும் கணம் உலகம் முழுதும் ஒன்றுதான். கடிகாரம்தான் வேறு. நாம் சென்னைக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகவே ஈப்போவில் அது நள்ளிரவு தாண்டி 12.10, தேதியே மாறிவிடும். ஜூலையில் லண்டனில் அதே கணம் மாலை 5.10. எந்த நாளில் திதி கொடுப்பது என்பதைக் குருக்களிடம் கேளுங்கள். ஆனால் அவரிடம் போகும்போது நம் ஊர் நேரத்தோடு போங்கள்.

ராகு காலம் அப்படி இல்லை. அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்து வருவது. சென்னை ராகு காலத்தோடு இரண்டரையைக் கூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஈப்போவுக்கு ஈப்போ உதயம்தான்.

இன்னொன்று. நம் கடிகாரமே மாறியிருக்கிறது. 1981 வரை தீபகற்ப மலேசியா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஜாதகம் பார்க்கும்போது இந்த அரை மணியை மறந்தால் லக்னம்கூட மாறலாம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைத்த கதை சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று

எங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். 1926-இல் கட்டிய ரஜுலா கப்பல் 1970-கள் வரை ஓடியது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே 2,300 கிலோமீட்டர் சொச்சம்தான். இன்றைய விமானத்துக்கு மூன்று மணி நேரம்கூட வேண்டாம். அன்று கப்பலில் பல நாள். இறங்கியதும் நேரே தோட்டத்துக்கு வரவும் முடியாது. நோய் சோதனைக்குப் புலாவ் ஜெரஜாக் தீவில் பலரைத் தங்க வைத்தார்கள். ஊரில் அம்மா செத்துப்போனால் இங்கே கடுதாசி வரும்போது அங்கே கருமாதியே முடிந்திருக்கும். பெரட்டுக்கு நிற்கும்போது கடுதாசியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அழுதுவிட்டு, மங்கு வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போனவர்கள் அவர்கள். வேறு வழி இருக்கவில்லை.

நமக்கு வழி இருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் பதிமூன்று மணி நேரத்தில் வர முடிகிறது. அப்படியிருந்தும் ஒரு கூட்டல் கணக்கில் கோட்டைவிட்டால், அது விதி இல்லை, நம் கவனக்குறைவு. இன்று எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் லண்டன், மெல்பர்ன், டப்ளின் என்று இருக்கிறார்கள். ஒரு நாள் யார் வீட்டிலாவது பெரியப்பா ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, "எத்தன மணிக்கு வருவா, சொல்லு" என்று கேட்பார். அப்போது பேப்பரை எடுங்கள். மூன்று படியையும் எழுதுங்கள். இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பிறகு வாயைத் திறங்கள்.

பயிற்சி

1. ஜனவரி மாதம் திங்கள் இரவு 10 மணிக்கு லண்டனில் புறப்படும் விமானம் 13 மணி நேரம் பறக்கிறது. கோலாலம்பூரில் எப்போது இறங்கும்?

2. அந்தப் பயணி ஈப்போவில் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்? தரை நேரம் நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. சென்னையில் ஒரு திதி காலை 6.15-க்குத் தொடங்குகிறது. ஈப்போவில் எத்தனை மணி? ஜனவரியில் லண்டனில் எத்தனை மணி?

விடை: 1. செவ்வாய் இரவு 7 மணி. 2. செவ்வாய் இரவு 11 மணி. 3. ஈப்போவில் காலை 8.45, லண்டனில் நள்ளிரவு தாண்டி 12.45.

விடையைப் பார்ப்பதற்கு முன் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சந்தோஷம். என் அக்காவும் இதைப் படிப்பாள். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும்.